ஹாஜ்ரா பாபுவின் கூவல்

சுகமய் ஹாஜ்ரா மேடையில் அந்தப் படகுப் பாட்டைப் பாடும்போதெல்லாம் ஒரு காரியம் செய்வார். கடைசிச் சரணம் முடிந்ததும், படகுக்காரன் அக்கரையைப் பார்த்து நீளமாகக் கூவுகிற இடம் வரும். அந்த இடத்தில் மைக்கைத் தன் வாயிலிருந்து எடுத்து, கையை நீட்டி, கூட்டத்தின் பக்கம் பிடித்துவிடுவார். ஆயிரம் பேரும் சேர்ந்து "ஓ... ஏ...ய்" என்று கூவுவார்கள். தொண்டை கிழியக் கூவிவிட்டு, ஏதோ தாங்களே பாடகர்களாகிவிட்ட மாதிரி வீட்டுக்குப் போவார்கள். 'ரசிகனுக்குத் தன் பாட்டில் பங்கு கொடுத்த பெருந்தன்மை' என்று கல்கத்தாப் பத்திரிகைக்காரன் ஒருவன் எழுதினான். பத்திரிகைக்காரன் எதைத்தான் விசாரித்து எழுதினான்?

பெருந்தன்மையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்தக் கூவல் ஹாஜ்ராவுக்கு வராது. என்றைக்குமே வந்ததில்லை. இசைத்தட்டில் இருப்பதும் அவர் குரல் இல்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம், டாலிகஞ்ச் ஸ்டூடியோவில் நடந்த கதை அது. ஹூக்ளிப் பக்கமிருந்து வந்த பையன் ஹாஜ்ராவுக்கு அதற்குள் நாலைந்து படம் ஆகியிருந்தது. கதாநாயகன் வாயசைக்க, இவர் திரைக்குப் பின்னால் நின்று பாடுவார். மெத்தென்ற குரல், பாலில் ஊறிய அவல் மாதிரி. காதல் பாட்டுக்கும் அழுகைப் பாட்டுக்கும் அவரை விட்டால் ஆள் இல்லை. ஆனால் இது படகுக்காரன் பாட்டு. ஒன்றரைக் கட்டையில் ஆரம்பித்து, கடைசியில் கூவல் மேல் பஞ்சமத்தில் போய் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் இருபது வாத்தியமும் பாடகனும் ஒரே அறையில், ஒரே மூச்சில் பதிவாக வேண்டும். ஒருத்தன் பிசகினால் எல்லாருக்கும் முதலிலிருந்து. பதினாலு தடவை பாடினார் ஹாஜ்ரா. பதினாலு தடவையும் கூவல் வந்ததும் குரல் சேவலைப் பிடித்து அமுக்கின மாதிரி ஆயிற்று. பிடில்காரர்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டு முறைத்தார்கள்.

இசையமைப்பாளர் குமுத் பாபு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில் வெளியே ஒரு குரல் கேட்டது. ஸ்டூடியோவுக்குத் தேநீர் கொண்டுவருகிற நிபாரண் மாலோ, மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்த வாசல் காவல்காரனைப் பார்த்து, "ஓ... ஏ...ய், நாயைக் கட்டு!" என்று கூப்பிட்டான். பத்மா நதிக்கரை மீன்காரச் சாதி, நாடு பிரிந்தபோது இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவன். அக்கரையில் இருக்கிறவனைக் கூப்பிட்டே வளர்ந்த தொண்டை.

குமுத் பாபு எழுந்து ஓடினார். கெட்டிலைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். கதவைத் திறந்துபோட்டு, நிபாரணை வாசற்படியில் நிறுத்தி, "நான் கையைத் தூக்கினதும் கூப்பிடு. நாய் வேண்டாம், முதல் பாதி மட்டும் போதும்" என்றார். பதினைந்தாவது தடவை பாட்டு முடிந்தது. வங்காளம் முழுக்கப் பாடிய அந்தக் கூவல், ஒரு நாயைக் கட்டச் சொன்ன கூவல்.

இசைத்தட்டில் ஒரே பெயர்தான் இருந்தது. ஹாஜ்ராவும் மறுக்கவில்லை. முதலில் வெட்கம், பிறகு பழக்கம், அதற்கும் பிறகு அந்தப் பெயரில்தான் வீடு, வாசல், மரியாதை எல்லாம். நாற்பது படம் பாடினார். பிறகு புதுக் குரல்கள் வந்தன, இவர் நின்றுகொண்டார். மற்றப் பாட்டெல்லாம் ஜனங்களுக்குப் பாதி மறந்துபோயிற்று. படகுப் பாட்டு மட்டும் நின்றது.

நிபாரண் இதைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே பேசியதில்லை. எதுவும் கேட்டதும் இல்லை. அதுதான் ஹாஜ்ராவை அரித்தது. கேட்கிறவனுக்குக் கொடுத்துத் தீர்க்கலாம். கேட்காதவனை என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டுக்குக் கூப்பிட்டு மீன் குழம்போடு சோறு போட்டார். நிபாரணும் வருவான், சாப்பிடுவான், "உங்க வீட்டுப் பருப்புல ஏன் பாபு சர்க்கரையைக் கொட்டறீங்க? கல்யாணமா, கருமாதியா?" என்று கேட்டுவிட்டுப் போவான். முப்பது வருஷம் இப்படியே ஓடியது.

எண்பத்தேழாம் வருஷம் ஆடி மாதம் ஒரு கேசட் கம்பெனி மேலாளர் வந்தார். நாக் என்று பெயர். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்தார். மூன்று பேனா வைத்திருப்பவன் ஒன்றிலும் ஒழுங்காக எழுதமாட்டான்.

"ஹாஜ்ரா பாபு, பழைய தட்டெல்லாம் தேஞ்சு போச்சு. உங்க பன்னெண்டு பாட்டை உங்க குரல்லயே திரும்பப் பதிவு பண்றோம். துர்கா பூஜைக்கு முன்னாடி கடைக்கு வந்துடணும். கேசட் பேரே படகுப் பாட்டுதான்."

ஹாஜ்ராவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பூஜைக்குப் புதுப் பாட்டு வெளிவருவது என்றால் வங்காளிப் பாடகனுக்குத் தலையில் கிரீடம் வைத்த மாதிரி. பதினொரு வருஷமாக அந்தக் கிரீடம் வேறு தலைகளில் இருந்தது. சரி என்று உடனே தலையாட்டிவிட்டார். நாக் படி இறங்கிப் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஸ்டூடியோவில் மைக்கை யார் பக்கம் நீட்டுவது?

பதினொரு பாட்டு நாலு நாளில் முடிந்தது. குரல் கொஞ்சம் தடித்திருந்தாலும் மெத்து போகவில்லை. பன்னிரண்டாவது பாட்டில், கடைசிச் சரணம் முடிந்து, ஹாஜ்ரா கண்ணை மூடிக்கொண்டு கூவினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளன் காதுக் கருவியைச் சட்டென்று கழற்றினான்.

வாத்தியம் அமைக்கிற அஞ்சன் இளவட்டம். மரியாதை தெரிந்தவன். "தொண்டையில கரகரப்பு போல அண்ணா. வெந்நீர் குடிச்சிட்டுப் பாருங்க" என்றான்.

வெந்நீர் குடித்தார். இஞ்சி மென்றார். ஆறு தடவை ஆயிற்று.

"பரவாயில்ல அண்ணா. இந்த வயசுல அது எல்லாருக்கும் இறங்கறதுதான். அந்த இடத்துல புல்லாங்குழல் போட்டுடலாம்."

"புல்லாங்குழலா? படகுக்காரன் அக்கரைக்குப் புல்லாங்குழலா ஊதுவான்?"

"இல்லன்னா, கூவறதுக்கு எங்கிட்ட ஒரு பையன் இருக்கான். அச்சு அசலா உங்க தட்டுல இருக்கற மாதிரியே கூவுவான். பேர் போட வேண்டாம், யாருக்கும் தெரியாது."

ஹாஜ்ராவுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தி குமுத் பாபு சொன்னதும் ஏறக்குறைய இதுதான். "மூணு நாள் குடு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

டிராம் டிப்போவுக்கு எதிரில் நிபாரணின் மகன் தேநீர்க் கடை வைத்திருந்தான். நிபாரண் அதில் பெஞ்சியில் உட்கார்ந்து, வருகிற போகிறவனுக்கெல்லாம் பந்தாட்ட ஞாயம் சொல்லிக்கொண்டிருப்பான். முன்பற்கள் இரண்டு போயிருந்தன. அவன் ஈஸ்ட் பெங்கால் அணி, ஹாஜ்ரா எதிரணியான மோகன் பகான் கட்சி. ஹாஜ்ரா வருவதைப் பார்த்ததும் மகனிடம் சொன்னான்: "டேய், மோகன் பகான் வருது. ஒரு சொட்டு பால் அதிகமா ஊத்து. போன வாரம் தோத்ததுல ரத்தம் சுண்டியிருக்கும்."

"வாயை மூடு. உன்கிட்ட ஒரு வேலையா வந்தேன்."

"வேலை இல்லாம இந்தப் பக்கம் எப்ப வந்தீங்க?"

ஹாஜ்ரா பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். நிபாரண் கேட்டுக்கொண்டே மண் குவளையின் அடியில் இருந்ததைக் குடித்துவிட்டுக் குவளையை உடைத்துப் போட்டான்.

"வரேன் பாபு. நாளைக்கே வரேன்."

"நல்லவன்டா நீ."

"ஆனா எம் பேர் போடணும்."

ஹாஜ்ரா சுற்றுமுற்றும் பார்த்தார். "என்ன பேரு?"

"நிபாரண் மாலோன்னு எங்கப்பன் வெச்ச பேருதான். வேற எது இருக்கு?"

"முப்பது வருசமா இல்லாத ஆசை இப்ப எதுக்கு? யாருடா உனக்கு ஓதிவிட்டது?"

"ஒருத்தரும் ஓதலை. எம் பேத்தி தோலன் பள்ளிக்கூடத்துல உங்க பாட்டைப் பாடினா. வீட்டுக்கு வந்து கூவல் வரலன்னு அழுதா. 'அடி, அது நான் கூவினதுடி'ன்னு சொன்னேன். பாபு, அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே! மருமக சிரிச்சா, மகன் சிரிச்சான். 'அப்பாவுக்கு வயசாயிடுச்சு'ன்னு கண்ணைக் காட்டறான். இத்தனை நாள் நான் சொல்லாம இருந்தேன், அது வேற. சொல்லியும் நம்பலன்னா நான் பொய்யன். பொய்யனா சாக எனக்கு இஷ்டமில்ல."

"பேரைப் போட்டா ஜனங்க பழைய தட்டையும் சந்தேகப்படுவாங்கடா. அப்புறம் நான் யாரு?"

"அதை நீங்கதான் யோசிக்கணும். தேநீர் ஆறுது, குடிங்க."

ஹாஜ்ரா குடிக்காமல் எழுந்து போனார். வழியெல்லாம் கணக்குப் போட்டார். இவன் இத்தனை வருஷம் சும்மா இருந்ததே இந்த நாளுக்குத்தானோ? சோறு போட்ட கையைச் சமயம் பார்த்துக் கடிக்கிறானோ? சந்தேகம் ஒரு கெட்ட விருந்தாளி, ஒரு தடவை உள்ளே விட்டால் படுக்கையும் கேட்கும்.

இரண்டு நாள் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை, பொரியில் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்துகொண்டிருந்த மனைவி லதிகா கேட்டாள்.

"என்ன, கூவலா?"

ஹாஜ்ராவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன கூவல்?"

"படகுப் பாட்டுக் கூவல்தான். அந்த நிபாரண் வரமாட்டேன்னுட்டானா?"

"உனக்கு... யார் சொன்னா? அவனா?"

"அவன் எதுக்குச் சொல்லணும்? கல்யாணம் ஆகி இருபத்தாறு வருசம் ஆச்சு. தெருவுல போற மீன்காரனை மாடியிலருந்து ஒரு நாள் கூப்பிட்டிருக்கீங்களா? நீங்க கூப்பிட்டா அவன் காதுல விழாது. நான்தான் அடுப்பை விட்டு ஓடி வந்து கூப்பிடணும். மீன்காரனுக்கே எட்டாத குரல் பத்மா நதியைத் தாண்டுமா? நான் அவ்வளவு முட்டாளா?"

"இத்தனை வருசம் ஏன்டி சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். பொரி நமத்துப்போகுது, சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். முதல் வாய் தொண்டையில் சிக்கியது, அப்புறம் இறங்கிவிட்டது. மறைத்து வைத்திருந்த பூதம் சமையலறையில் இத்தனை வருஷம் லதிகாவோடு சேர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்திருக்கிறது. இனி யாரிடம் மறைப்பது? கையைத் துடைத்துக்கொண்டு நேரே டிப்போவுக்கு நடந்தார்.

"சட்டையை மாத்திக்கிட்டு வா" என்றார் நிபாரணிடம். "பேர் போடறேன்."

"யார் மேல சத்தியம்?"

"உங்க ஈஸ்ட் பெங்கால் மேல."

"அப்ப அது பொய்ச் சத்தியம். மோகன் பகான் மேல பண்ணுங்க."

பண்ணினார்.

ஸ்டூடியோவில் நிபாரணைக் கண்ணாடி அறைக்குள் நிறுத்தி, காதில் கருவியை மாட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சும்மா முனகினான். "இது என்ன பாபு, சவப்பெட்டிக்குள்ள நின்னு யாரைக் கூப்பிடறது? அந்தப் பக்கம் ஒரு ஆள் வேணும். அவன் தூரத்துல இருக்கணும்." அஞ்சன் புரிந்துகொண்டான். நீளமான கம்பி போட்டு மைக்கைப் பின்பக்கப் படிக்கட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். கீழே முற்றத்தின் கோடியில் போய் நின்றது வேறு யாருமில்லை, ஹாஜ்ராதான். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெயிலில், பார்சல் கட்டுகளுக்கு நடுவில் நின்றார்.

முதல் தடவை நிபாரணுக்கு இருமல் வந்துவிட்டது. இரண்டாம் தடவை காக்கை ஒன்று சேர்ந்து பாடியது. மூன்றாம் தடவை அந்தக் கூவல் படிக்கட்டிலிருந்து எழும்பி, முற்றத்தைத் தாண்டி, எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தியைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பழைய கூவலின் நீளம் இல்லை. கடைசியில் ஒரு கமறல். ஆனாலும் கேட்டவன் அக்கரையில் இருந்தால் படகைத் திருப்பியிருப்பான். ஹாஜ்ராவும் தன்னை அறியாமல் நாலடி முன்னால் நடந்திருந்தார்.

"யாரோ கூப்பிட்டாங்களோன்னு போயிட்டேன்" என்றார் பிறகு, அசட்டுச் சிரிப்போடு.

பேர் விஷயத்தில் நாக் முரண்டு பிடித்தார். அட்டையில் இடமில்லை, அச்சுக்குப் போய்விட்டது, தேநீர்க்கடைக்காரர் பேரைப் போட்டால் கம்பெனிக்கு இளப்பம் என்று மூன்று பேனாவுக்கு மூன்று காரணம் சொன்னார்.

"இடமில்லன்னா எம் பேர்ல பாதியை எடுத்துட்டுப் போடு" என்றார் ஹாஜ்ரா. "போடலன்னா பன்னெண்டு பாட்டையும் அழிச்சிடு."

குரல் உயர்த்தித்தான் சொன்னார். அவருடைய உயர்ந்த குரல் அடுத்த அறைக்கும் கேட்காது. ஆனால் மேலாளருக்குக் கேட்டது. மகாளயத்துக்கு முந்தின நாள் கேசட் வந்தது. உள்பக்கம், தபலாக்காரர் பெயருக்கும் கீழே, எறும்பு எழுத்தில், 'கூவல்: நிபாரண் மாலோ.' தோலன் அதை நாலு தடவை வாய்விட்டுப் படித்தாள். பள்ளிக்கூடப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு போனாள்.

கேசட் விற்றது. கடிதங்களும் வந்தன. 'ஹாஜ்ரா பாபு, பாட்டெல்லாம் தேன். ஆனால் கூவலை ஏன் வேறு யாரோ ஒருவருக்குக் கொடுத்தீர்கள்? அந்த ஆள் உங்கள் கால்தூசிக்குக் காணமாட்டான்.' ஒன்றல்ல, பதினேழு கடிதம். ஹாஜ்ரா அவற்றை எடுத்துக்கொண்டு போய் நிபாரணிடம் படித்துக் காட்டினார். நிபாரணுக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் சிரிப்பு. "எனக்கு நான் இணையில்லயாம் பாபு! எழுதறான் பாருங்க, கிறுக்குப் பய!"

"விடு. பிஜயா கூட்டத்துல நானே சொல்லிடறேன்."

தசமி முடிந்து அம்மனை ஆற்றில் கரைத்த நாலாம் நாள் சாயங்காலம், பேட்டைக்காரர்கள் பிஜயா கூட்டத்துக்குப் பந்தலில் கூடினார்கள். ஒருவரை ஒருவர் கட்டித் தழுவி, தேங்காய் உருண்டையும் மொறுமொறு நிம்கியும் தின்று, வருஷத்து மனஸ்தாபங்களை எல்லாம் கழுவிவிட்டதாகப் பாவனை பண்ணுகிற நாள். ஹாஜ்ரா ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்து மூன்று பாட்டுப் பாடினார். படகுப் பாட்டு என்று கத்தினார்கள். அவர் கையைத் தூக்கினார்.

"பாடறேன். முதல்ல ஒரு விஷயம். தட்டுல இருக்கற கூவல் என்னுடையது இல்ல. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. அது டிப்போ எதிர்ல இருக்கற நிபாரண் மாலோ கூவினது. எனக்குக் கூவ வராது. அதனாலதான் இத்தனை வருசமா மைக்கை உங்க பக்கம் நீட்டினேன். நான் உங்ககிட்ட மறைச்சது இது. மன்னிக்கணும்."

முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுந்தார். கண்ணில் நீர். "பாத்தீங்களாய்யா! தன்னுடைய பெருமையைத் தூக்கி ஒரு ஏழை தேநீர்க்காரனுக்குக் குடுக்கறாரே, இந்தக் காலத்துல யார் குடுப்பா? அடக்கம்னா இதுதான்!"

பந்தல் அதிரக் கைதட்டினார்கள்.

"இல்லய்யா, நிஜமாத்தான் சொல்றேன்" என்றார் ஹாஜ்ரா. இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

பின்வரிசையிலிருந்து நிபாரண் எழுந்தான். "யோவ்! அது நான்தான்யா! நாயைக் கட்டறதுக்குக் கூப்பிட்டேன்யா!"

"நாயா? உக்காருங்க தாத்தா, பிரசாதம் வரும்" என்று ஒரு தொண்டர் அவன் தோளை அமுக்கினார். நிபாரண் அவரைத் தள்ளிவிட்டு மேடைக்கு ஏறினான். மைக்கைத் தொடவில்லை. வாயின் இரண்டு பக்கமும் கையை வைத்து, பந்தலின் கோடியைப் பார்த்து ஒரே கூவல். தெருமுனையில் ரிக்‌ஷாக்காரர் பிரேக் பிடித்தார்.

கூட்டத்தில் ஒருத்தர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா என்ன இருந்தாலும் ஹாஜ்ரா பாபு தட்டுல கூவினது வேற."

பந்தலே ஆமாம் என்றது. நிபாரண் இடுப்பில் கையை வைத்து அந்த ஆளையே பார்த்தான். பிறகு முன்பல் இல்லாத வாயால் சிரிக்க ஆரம்பித்தான். கீழே தோலன் மட்டும் நாற்காலி மேல் ஏறி நின்று, "எங்க தாத்தாதான்! எங்க தாத்தாதான்!" என்று எல்லாரிடமும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் பொருட்படுத்தவில்லை. நிபாரண் அவளைப் பார்த்தான். அப்புறம் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை.

"நீங்க ஆரம்பிங்க பாபு" என்று ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

ஹாஜ்ரா பாடினார். கடைசிச் சரணம் வந்தது. அதற்குப் பிறகு தனக்கு ஒரு வேலையும் இல்லை என்பது பாடிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவசரம் இல்லை. கரையை நிற்கச் சொல்லி அந்தப் படகுக்காரன் கெஞ்சுகிற கடைசி அடியை நிறுத்தி நிதானமாக, கீழே இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, மெதுவாகக் கொண்டுவந்து வைத்தார். நிபாரண் எழுந்து கூவினான். பந்தலும் கூடவே கூவியது.

கீழே இறங்கியபோது லதிகா தேங்காய் உருண்டைத் தட்டை நீட்டினாள். நிபாரண் இரண்டு எடுத்துக்கொண்டான்.

"கடைசி அடி இன்னிக்கு நல்லா வந்துச்சு பாபு" என்றான் மென்றபடி. "முப்பது வருசமா அதை முழுங்கிக்கிட்டே இருந்தீங்க. நான் சொல்லல, எதுக்கு வம்புன்னு."